ஓக்கா, மேப்பிளா: அட்லாண்டாவில் ஒரு குழிக்கு ஆறு மரங்கள்

போன ஜூலையில் ஒரு சாயங்காலம். இருபது நிமிட மழை, அதற்கு முன்னால் ஐந்து நிமிடக் காற்று. அவ்வளவுதான். வீட்டுப் பின்பக்கம் நின்ற வாட்டர் ஓக் வேலியைப் படுக்கப்போட்டு, அதன் மேல் தானும் படுத்துக்கொண்டது. மறுநாள் அறுக்க வந்தவர் அடிமரத்தைக் காட்டினார். வெளியே யானைக்கால் மாதிரி திடமாக இருந்த மரம். உள்ளே முழங்கை வரை கை நுழையும் பொந்து. "இந்த ஜாதி ஓக் அறுபது, எழுபது வயதைத் தாண்டினால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

அன்றிலிருந்து மேற்கு வெயில் நேராகச் சமையலறைக்குள். நாலு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் சுடுகிறது. ஏதாவது ஒரு மரம் வைத்தாக வேண்டும். ஜார்ஜியாவில் மரம் நட நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம், ஆகவே யோசிக்க நாலு மாதம் இருந்தது. அப்பாவுக்கு மன்னார்குடிக்குப் போன் போட்டேன். "வேப்பங்கன்று வைடா, காத்து சுத்தமா இருக்கும்" என்றார். இங்கே ஜனவரியில் தண்ணீர்க் குழாயே உறைந்துபோகும், வேம்பு தாங்காது என்றேன். "அப்ப என்ன ஊருடா அது" என்று வைத்துவிட்டார்.

அதே வாரம் குடியிருப்புச் சங்கத்திலிருந்து மின்னஞ்சல். ஜார்ஜியா 400 நெடுஞ்சாலையை ஒட்டி வரும் நுழைவுச் சாலையில் 120 மரம் நடப் போகிறார்கள், வீட்டுக்கு ஓர் ஓட்டு. பட்டியலில் ஆறு: ஒயிட் ஓக், ஸ்வீட்கம், லாப்லாலி பைன், ரெட் மேப்பிள், டூலிப் பாப்லர், க்ரேப் மிர்ட்டில். சரி, வீட்டுக்கும் இதிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார்: "ஓக் மட்டும் வைக்காதீங்க சார். அது விடுற கேஸ்லதான் ஓசோன் ஆகுது. பிள்ளைங்களுக்கு வீசிங் வரும்."

என் பையனுக்கு வீசிங் உண்டு. கோடையில் 'கோட் ஆரஞ்சு' என்று காற்றுத்தர எச்சரிக்கை வரும் நாளில் அவனை மைதானத்துக்கு விட மாட்டோம். ஆகவே சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. உட்கார்ந்து படித்தேன். வாட்ஸப் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் முடிவை மாற்றியது.

மணக்காத இலைதான் ஆசாமி

மரம் கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது என்று பள்ளியில் படித்ததோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. இலை வேறு பலவற்றையும் விடுகிறது. அவற்றில் பெரிய புள்ளி ஐசோப்ரீன். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன், அவ்வளவே. ரப்பர் பாலில் இருப்பது இதே துண்டுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட சங்கிலி. இலையிலிருந்து இது தனியாக வெளியே வருகிறது என்று 1957-ல் கண்டு சொன்னவர் குய்வி சனாட்ஸே, ஜார்ஜியாக்காரர். எங்கள் ஜார்ஜியா இல்லை; அப்போது சோவியத் யூனியனில் இருந்த அந்த ஜார்ஜியா. 1960-ல் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர், காட்டு மலைகள் மேல் கோடையில் படியும் நீலப் புகைக்குக் காரணமே மரங்கள் விடும் ஆவிகள்தான் என்று எழுதினார். எங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரம் வடக்கே ஓட்டினால் வரும் ஸ்மோக்கி மலைக்கு அந்தப் பெயர் வந்ததும் அந்த நீலத்தால்தான்.

உலகத்துச் செடிகொடிகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு விடும் ஐசோப்ரீன் சுமார் 50 கோடி டன். உலகத்தில் ஒரு வருடம் வெளியாகும் மொத்த மீத்தேனுக்குக் கிட்டத்தட்டச் சமம். மீத்தேன் காற்றில் பத்து வருடம் போல் கிடக்கும். ஐசோப்ரீன் பகல் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். அதனால் அது பூமியைச் சூடாக்குவதைவிட, பக்கத்து ஊர்க் காற்றில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

மரம் இதை ஏன் விடுகிறது? சும்மா இல்லை. 30 டிகிரி வெயிலில், தான் பிடித்த கார்பனில் ஏறக்குறைய இரண்டு சதவீதத்தை இதற்கே செலவு செய்கிறது. 1995-ல் தாமஸ் ஷார்க்கியும் எரிக் சிங்சாஸும் காட்டியது: ஐசோப்ரீன் இருந்தால் இலை திடீர்ச் சூட்டைத் தாங்குகிறது. மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும்போது இலையின் சூடு சட்டென்று ஏறும், அந்த நேரத்துக்கான காப்பு. அதனால்தான் சூடு ஏற ஏற இதுவும் ஏறுகிறது. 20 டிகிரியில் ஒரு பங்கு என்றால் 30-ல் மூன்று பங்குக்கு மேல். 40-ல் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரியில் ஒன்றுமில்லை, ஏனென்றால் வெளிச்சம் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தெருவில் நடந்தபடியே இலைகளைக் கசக்கிப் பார்த்தேன். ஸ்வீட்கம் இலை நட்சத்திர வடிவம். கசக்கினால் குங்கிலிய வாசம் கைவிரலில் ஒட்டிக்கொள்ளும். பைன் ஊசியை ஒடித்தால் டர்பன்டைன். ஓக் இலையைக் கசக்கினால் வெறும் பச்சை வாசம், அதுவும் ஒரு நொடி. மணக்கும் மரம்தான் காற்றில் நிறைய விடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பைன் வாசம் டெர்பீன்கள். அவற்றை மரம் பிசினில் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, ராத்திரியிலும் விடும். ஓக் எதையும் சேமிப்பதில்லை. செய்த கையோடு ஐசோப்ரீனாக வெளியே தள்ளிவிடும். ஒரு கிராம் உலர்ந்த இலைக்கு ஒரு மணி நேரத்தில் ஓக்கும் ஸ்வீட்கம்மும் விடுவது 70 மைக்ரோகிராம் கார்பன் என்று அமெரிக்கக் கணக்குகளில் வைத்திருக்கிறார்கள். பைன் விடும் டெர்பீன் 3 போல. மேப்பிளும் டூலிப் பாப்லரும் விடும் ஐசோப்ரீன் புள்ளிக்குப் பின்னால்தான் தொடங்கும்.

டூலிப் பாப்லர் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. பாப்லர் என்றால் ஐசோப்ரீன் கொட்டும் குடும்பம். ஆனால் டூலிப் பாப்லர் பாப்லரே இல்லை, மக்னோலியா வகையறா. இணையப் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். நான் முதலில் தள்ளித்தான் வைத்திருந்தேன்.

அரிசியும் உளுந்தும்

இப்போது ஓசோன். வானத்தில் உயரே இருந்து நம்மைக் காப்பதும் இதே வாயுதான்; தரையருகே இருந்தால் மூச்சைப் பிடிக்கும். ஐசோப்ரீன் தானாக ஓசோன் ஆகாது. வெயிலில் அது சிதையும்போது வரும் துண்டுகள் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். அதை வெயில் உடைக்கும்போதுதான் ஓசோன் பிறக்கிறது. அந்த நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் வண்டி எஞ்சினிலிருந்தும் மின்நிலையப் புகைபோக்கியிலிருந்தும் வருகிறது.

இட்லி மாவு மாதிரி யோசித்தால் எனக்குப் பிடிபட்டது. அரிசியும் வேண்டும், உளுந்தும் வேண்டும். மூட்டை மூட்டையாக அரிசி கிடக்கிற வீட்டில் இன்னும் ஒரு படி அரிசி வாங்கினால் இட்லி கூடாது. உளுந்து எவ்வளவோ அவ்வளவுதான் இட்லி. அட்லாண்டா ஓர் அரிசி மண்டி. நகரத்தில் 47.9 சதவீதப் பரப்பு மர நிழல் என்று 2008-ஆம் ஆண்டு நிலவரத்தை ஜார்ஜியா டெக் அளந்தது. சுற்றி மைல் கணக்கில் ஓக்கும் ஸ்வீட்கம்மும். இங்கே உளுந்து என்பது நைட்ரஜன் ஆக்சைடு.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியதும் இந்த ஊரை வைத்துத்தான். அதுவரை அமெரிக்காவில் ஓசோனைக் குறைக்க ஹைட்ரோகார்பனை (ஐசோப்ரீன் போலக் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆவிகளை) குறை என்பதே வழக்கம்: பெட்ரோல் பங்க் ஆவி, பெயின்ட், கரைப்பான். 1988-ல் ஜார்ஜியா டெக்கின் வில்லியம் சமைடிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: அட்லாண்டாவில் மரங்கள் விடுவதே மனிதர் விடுவதற்கு ஈடாக இருக்கும்போது, மனிதர் பங்கை மட்டும் வெட்டிப் பயனில்லை, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடியுங்கள். அதற்கு எட்டு வருடம் முன்பு ரொனால்ட் ரீகன் தேர்தல் பிரசாரத்தில், ஹைட்ரோகார்பன் மாசில் பெரும்பகுதி மரம் செடியால்தான் என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் ஒரு மரத்தில், 'மறுபடி கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்' என்று அட்டை மாட்டினார்கள். அவர் சொன்ன ஹைட்ரோகார்பன் கணக்கில் ஓரளவு நியாயம் இருந்தது. உளுந்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

1996 ஒலிம்பிக்கின்போது இந்த ஊரில் தானாக ஒரு பரிசோதனை நடந்தது. 17 நாட்கள் நகரத்துக்குள் வண்டிகளைக் குறைத்தார்கள். காலை நெரிசல் நேரப் போக்குவரத்து 22.5 சதவீதம் குறைந்தது, அன்றாட உச்ச ஓசோன் 27.9 சதவீதம் குறைந்தது, மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் இருந்த குழந்தைகள் ஆஸ்துமாவுக்காக அவசரமாக வந்தது 41.6 சதவீதம் குறைந்தது. மரங்கள் அதே மரங்கள். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பின்னால் வந்த இன்னோர் ஆய்வு, அந்த நாட்களில் தென்கிழக்கில் மற்ற ஊர்களிலும் ஓசோன் இறங்கியிருந்தது, வானிலைக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. இருந்தாலும் திசை சரிதான். அதன் பிறகு மின்நிலையங்களிலும் வண்டிகளிலும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2015-ல் 70 பிபிபி (காற்றில் நூறு கோடியில் 70 பங்கு) என்று இறுக்கிய ஓசோன் வரம்பை அட்லாண்டா எட்டிவிட்டதாக 2022-ல் சுற்றுச்சூழல் முகமை ஏற்றுக்கொண்டது. அதற்காக யாரும் ஓக்கை வெட்டவில்லை.

எல்லா ஊரும் அரிசி மண்டி இல்லை. மரம் குறைவாகவும் வண்டிப் புகை நிறையவும் இருக்கிற ஊரில் உளுந்து கொட்டிக் கிடக்கும், அரிசிதான் தட்டுப்பாடு. அங்கே ஐசோப்ரீன் விடும் மரத்தை ஆயிரக்கணக்கில் நட்டால் இட்லி கூடும். பெர்லினில் 2006 ஜூலை வெப்ப அலையைக் கணித்துப் பார்த்தவர்கள், மிகச் சூடான நாட்களில் ஓசோன் உருவானதில் 60 சதவீதம் வரை மரம் செடிகளின் ஆவிக்குப் பங்கு இருந்திருக்கும் என்றார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பகுதிக்காக 2005-ல் ஒரு மரத் தரவரிசையே போட்டார்கள். பைன், லார்ச், சில்வர் பிர்ச் நல்லவை, ஓக்கும் வில்லோவும் பாப்லரும் ஏராளமாக நட்டால் வம்பு. கலிபோர்னியாவில் 1996-லேயே எந்த மரம் எவ்வளவு விடும் என்று குடும்பவாரியாகப் பட்டியல் போட்டுவிட்டார்கள். வாட்ஸப் நண்பரின் தகவல் இந்த மாதிரி ஊர்களிலிருந்து கிளம்பி வந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு விஷயம். மூன்று வருடம் முன்பு அப்பா வயல் வரப்பில் மகாகனி வைத்தார். அது என்ன விடுகிறது என்று தேடியபோது, மொஹாலியில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டது கிடைத்தது: பெரிய இலை மகாகனி டெர்பீன்களோடு டைமெத்தில் சல்ஃபைடும் கணிசமாக விடுகிறதாம். அது கடல் காற்றில் வருவதாக நாம் அறிந்த கந்தக வாயு. அப்பாவிடம் சொன்னேன். "கடலுக்கு நாப்பது கிலோமீட்டர்டா, இங்கேயே வந்துருச்சா" என்றார்.

ஆறு மரம், ஒவ்வொன்றாக

ஸ்வீட்கம்மை முதலில் தள்ளினேன். வாயுவால் இல்லை, காயால். முள் உருண்டை. இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரைக்கும் விழுந்துகொண்டே இருக்கும். வெறுங்காலோடு புல்லில் நடக்க முடியாது, நடைபாதையில் கோலிக்குண்டு போல உருட்டிவிடும். ஐசோப்ரீனும் ஓக் அளவுக்கு விடுகிறது, கூடவே டெர்பீனும். இரண்டு வகையிலும் கெட்ட பெயர் வாங்கிய ஒரே மரம் பட்டியலில் இதுதான். இலை சிவக்கும்போது அழகு என்பார்கள். பக்கத்து வீட்டில் இருந்தால் எனக்கும் அழகுதான்.

பைன் சட்டென்று வளரும், பன்னிரண்டு மாதமும் பச்சை. டெர்பீன்கள் எடையில் கம்மி என்றாலும் காற்றில் நுண்துகளாக மாறுவதில் ஐசோப்ரீனைவிடக் கைதேர்ந்தவை. காட்டு மலை மேல் படியும் புகை மூட்டத்தில் இவற்றுக்குப் பெரிய பங்கு. மார்ச் கடைசியில் ஊர் முழுவதும் மஞ்சள்பொடி தூவியது போல் காரில் படிவதும் பைன் மகரந்தம்தான். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, அந்தப் பெரிய துகள்கள் ஒவ்வாமையை அவ்வளவாகக் கிளப்புவதில்லை; கிளப்புவது கண்ணுக்குத் தெரியாத ஓக் மகரந்தம். மேற்கு வெயிலுக்கு பைன் ஏற்ற நிழல் இல்லை, குடையில் பாதி ஓட்டை. வீட்டை ஒட்டி எண்பது அடி மரம் பனிமழையில் ஆடுவதைப் பார்த்தவர்கள் இரண்டாவது தடவை அதை வைக்க மாட்டார்கள்.

ரெட் மேப்பிளில் குறை சொல்ல முயன்றேன். வேர் மேலாக ஓடி நடைபாதையைத் தூக்கும். வேறு பெரிதாக இல்லை. வாயுக் கணக்கில் சாது, நிழல் நல்ல நிழல், பத்து வருடத்தில் வீட்டுயரம் வந்துவிடும். நவம்பரில் சிவக்கும். யாரும் மறுக்க முடியாத மரம், யாரும் உருகி உருகிக் கேட்காத மரம்.

டூலிப் பாப்லர் நெட்டை. நூறடி போகும். ஐசோப்ரீன் மிகக் குறைவு, ஊருக்குச் சொந்த மரம், பூவில் ஆரஞ்சுக் கோடு. ஆனால் கிளை பலமில்லை. கோடையில் அசுவினி வந்தால் கீழே நிற்கும் கார் மேல் தேன் மாதிரி ஒட்டும் நீர் சொட்டும். சாலையோரத்துக்குச் சரி, கார் நிறுத்தும் இடத்துக்குச் சரியில்லை.

க்ரேப் மிர்ட்டில் நம் ஊர்ப் பூமருதின் தம்பி. அதே குடும்பம், கொஞ்சம் குட்டை. ஜூலையில் ரோஸ், வெள்ளை, ஊதா என்று பூக்கும். ஐசோப்ரீன் இல்லை என்றே சொல்லலாம். என் மனைவிக்கு முதல் பார்வையிலேயே இதுதான். நிழல் கேட்டால் மட்டும் இதனிடம் பதில் இல்லை.

பட்டியலில் இல்லாத இரண்டையும் சொல்ல வேண்டும். பிராட்ஃபோர்ட் பேரி ஐசோப்ரீன் விடாத மரம்; ஆனால் மார்ச்சில் பூக்கும்போது மீன் மார்க்கெட் நாற்றம், பதினைந்து வருடத்தில் நடுவில் பிளக்கும், காடெல்லாம் பரவும். பக்கத்து மாநிலமான தென் கரோலினா 2024-ல் விற்பனையையே தடை செய்துவிட்டது. இன்னொன்று, ஒன்றும் வைக்காமல் சும்மா விட்டுவிடுவது. ஜார்ஜியாவில் சும்மா விட்ட நிலத்துக்கு வருவது குட்ஸு கொடி. முன்னே சொன்ன ஷார்க்கியின் ஆய்வில் வைத்துப் பார்த்ததும் இந்தச் செடியைத்தான், ஐசோப்ரீன் கொட்டும். பயறு வகை என்பதால் மண்ணில் நைட்ரஜன் சேர்த்து, அங்கிருந்து நைட்ரிக் ஆக்சைடும் கிளம்ப வைக்கும். ஜார்ஜியாவின் மாடிசன் கவுண்டியில் அளந்தபோது குட்ஸு பிடித்த மண் விடுவது இரண்டு மடங்கு என்று 2010-ல் வெளியிட்டார்கள். அரிசியும் உளுந்தும் ஒரே செடியில். சும்மா இருப்பதும் இங்கே ஒரு தேர்வுதான், ஆனால் மோசமான தேர்வு.

கடைசியாக ஒயிட் ஓக். மற்றதை எல்லாம் ஒரு பத்தியில் முடித்துவிட்டேன், இதற்கு மட்டும் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது.

எதிர்ப்பக்கம்: ஐசோப்ரீனில் உச்சம். வளர்ச்சி மெதுவு. வசந்தத்தில் மகரந்தம். ஆதரவுப் பக்கம்: விழுந்த வாட்டர் ஓக் மாதிரி அறுபதில் பொந்தாகாது, இருநூறு முந்நூறு வருடம் நிற்கும் ஜாதி. குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெயிலை உள்ளே விடும். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டக் டல்லமி கணக்குப்படி ஓக்கை நம்பி 500-க்கு மேற்பட்ட வகைப் புழுக்கள் வாழ்கின்றன. புழு இருந்தால்தான் குஞ்சுக்கு இரை, குருவி வரும். க்ரேப் மிர்ட்டிலில் வந்து உட்காரும் குருவிக்கு இரை எங்கே?

தாளில் போட்ட கணக்கு

பெரிய ஓக் ஒன்றில் 20 கிலோ உலர் இலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு மணிக்கு 70 மைக்ரோகிராம் என்றால் முழு வெயிலில் மணிக்கு 1.4 கிராம். பாதிக்கு மேல் இலை நிழலில் இருக்கும், காலை மாலை வெயில் சாயும். எல்லாம் கழித்தால் ஒரு கோடை நாளில் ஐந்தாறு கிராம் தேறும். அமெரிக்காவில் 2025-க்குள் புதுக் கார்கள் எட்ட வேண்டிய சராசரி வரம்பு, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து மைலுக்கு 30 மில்லிகிராம். நான் தினம் ஓட்டும் முப்பது மைலுக்கு ஒரு கிராம்கூட வராது.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். ரீகன் சொன்னது என் பின்கட்டில் உண்மையாகிறதே! பிறகு பட்டியலின் மற்ற வரிகளைச் சேர்த்தேன். உதிர்ந்த இலையை ஊதித் தள்ள வாரம் ஒரு மணி நேரம் ஓடும் என் பெட்ரோல் ப்ளோயர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலே வெளியே தள்ளும் ஜாதி. தெருவில் பாதி வண்டி பழசு. லாரிகள் நெடுஞ்சாலையில். மரம் போடுவது அரிசி மட்டும். இவை உளுந்தும் சேர்த்துப் போடுகின்றன. அப்புறம், மரத்தின் பக்கம் வரவும் உண்டு: இலைத்துளை ஓசோனை உறிஞ்சும், நிழல் ஏ.சி. ஓடுவதைக் குறைக்கும், நிழலில் நிற்கும் காரின் டேங்க்கிலிருந்து பெட்ரோல் ஆவியாவதும் குறையும். நான் தாளில் போட்டது செலவுக் கணக்கு மட்டும். வரவையும் சேர்த்து மரம் வாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க வனத்துறை இலவசமாகத் தரும் ஐ-ட்ரீ மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம்.

பையனின் மூச்சு விஷயம் இருக்கிறதே. என் மரம் விடும் ஐசோப்ரீன் ஓசோனாவதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் காற்று அதை மைல்கள் தள்ளிக் கொண்டு போயிருக்கும். என் ஜன்னலில் வரும் ஓசோன் வேறெங்கோ இருக்கும் காட்டுக்கும் வண்டிக்கும் பிறந்தது. மகரந்தம்தான் நேரடிக் கவலை. ஒவ்வாமைச் சோதனையில் அவனுக்குப் புல் வந்தது, ஓக் வரவில்லை. ஓக் கன்று பூக்கவே இருபது வருடம் ஆகும்; அப்போது அவன் எந்த ஊரில் இருப்பானோ.

ஆகவே இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இல்லை என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு ஒயிட் ஓக். இங்கே அரிசி ஏற்கெனவே மலையாகக் கிடக்கிறது, என் ஒரு படி அதில் தெரியாது. சங்கத்தின் 120 மரத்துக்கு என் ஓட்டு டூலிப் பாப்லருக்கு. நெடுஞ்சாலையை ஒட்டிய இடம், உளுந்து கொட்டுகிற வாசல். அங்கே ஓக்கை வரிசையாக நிறுத்த எந்த அவசியமும் இல்லை, அதே செலவில் வாயு விடாத மரம் கிடைக்கும்போது. கூட்டத்தில் இதைச் சொன்னேன். "வீட்டில் ஓக் வைத்துக்கொண்டு ரோட்டில் வேண்டாம் என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டார். இட்லி உதாரணத்தை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

ஓட்டெடுப்பில் க்ரேப் மிர்ட்டில் ஜெயித்தது. பூவுக்கு முன்னால் எந்த மரம் நிற்கும்? ஐசோப்ரீன் கணக்கில் பழுதில்லை, கோடையில் அங்கே நடப்பவர்களுக்கு நிழல் மட்டும் கிடைக்காது. மனைவியும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. சமாதானமாக, சமையலறை ஜன்னலோரம் அவளுக்கும் ஒரு க்ரேப் மிர்ட்டில் வைத்தேன். ஓக் வளரும் வரை அதுதான் அந்த வெயிலுக்குத் திரை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை குழி வெட்டினோம். ஜார்ஜியாச் செம்மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. ஓக் கன்று என் இடுப்பு உயரம், இலையே இல்லை. நட்ட பிறகு குச்சி ஊன்றியது போல் இருந்தது. வீடியோவில் பார்த்த அப்பா, "இதுக்கா நாலு மாசம் படிச்ச?" என்றார்.

கணக்குப் போட்ட அன்றே முடிவு செய்தபடி பெட்ரோல் ப்ளோயரை இணையத்தில் விற்றுவிட்டு பேட்டரியில் ஓடுவது ஒன்று வாங்கினேன். பழையதை வாங்கியவர் நாலு வீடு தள்ளி இருப்பவர். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அது கிளம்பும் சத்தத்தில்தான் இப்போதெல்லாம் எழுந்திருக்கிறேன்.